தொண்ணூற்று நான்கு சதவீதம்

மஞ்சள் பட்டை ஒன்று வந்து நிற்கிறது திரையில்:
ஒரே நோயாளி, இரண்டு பதிவுகள். இணைக்கவா?
பொருத்தம் தொண்ணூற்று நான்கு சதவீதம்.

பேச்சியம்மாள், த/பெ சுடலைமாடன், முக்கூடல்.
பிறந்த தேதி ஒன்று ஒன்று அறுபத்தொன்று,
தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் நாங்கள் போடும் தேதி.
இன்னொரு பேச்சியம்மாளுக்கும் அதேதான்.
போன் நம்பரும் ஒன்று.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் பதிவு அறையில்
நானும் ஒரு மின்விசிறியும்.
மாதம் முடிவதற்குள் நாற்பதாயிரம் பேரைப்
புதிய தரத்துக்கு மாற்றியாக வேண்டும்.
தரம் என்றால்,
பாளையங்கோட்டையில் பார்த்த சர்க்கரை
தென்காசியிலும் அதே சர்க்கரையாக இருப்பது.
கேலிக்குச் சொல்லவில்லை, நம்புகிறேன்.
சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள்
“வெள்ளையா, உருண்டையா இருக்கும்” என்று
மாத்திரைக்கு அடையாளம் சொன்னதை
ஏழு வருஷம் கேட்டவள் நான்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கொடையில்
பேச்சி என்று ஒரு குரல் கொடுத்தால்
பந்தலில் பாதி திரும்பும்.

மீதி ஆறு சதவீதத்தில் என்ன கிடக்கிறது என்று துழாவினேன்.
ஒன்றில் பென்சிலின் ஆகாது.
மற்றதில் காலி.
காலி என்றால் இல்லை என்றா, கேட்கவில்லை என்றா?
இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு.
பதிந்தவர் எதையும் போடவில்லை.

போன் போட்டேன்.
“எந்தப் பேச்சி வேணும்? பெரியவளா, சின்னவளா?”
அக்கா தங்கை. பெரிய பேச்சி, சின்னப் பேச்சி.
பெரிய, சின்ன என்பதெல்லாம் பெயரல்ல என்று
எங்கேயோ ஒரு நிரல்
தேங்காய்க் குடுமிபோல் பிய்த்து எறிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள்.
பீடி இலையில் தேய்ந்த விரல்கள்.
ரேகை இயந்திரம் நாலு தடவை மறுத்தது.
ஓடிபி வரும் போனை மடியிலிருந்து எடுத்தாள் பெரியவள்.
கீறல் கண்ணாடிக்குள் எங்கள் செயலி
தினமும் ராத்திரி எட்டுக்கு மணியடித்துக் கேட்கிறது:
பேச்சியம்மாள், மாத்திரை சாப்பிட்டீர்களா?
“அது கேக்கவும் ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கிடுவோம்.”
யாருடைய மாத்திரையை என்றேன்.
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.

ஊசி யாருக்கு ஆகாது?
“எனக்குத்தான். அம்பைல ஒரு தடவ போட்டு
நாக்கு தடிச்சிப் போச்சி” என்றாள் சின்னவள்.
அக்கா குறுக்கே விழுந்தாள்:
“எம் பேருலயும் எழுதி வச்சிரும்மா.
மயங்கிக் கெடக்கவகிட்ட
நீ எந்தப் பேச்சின்னு கேட்டா ஊசி போடுதாவ?”

இல்லாத ஒவ்வாமையைப் பதியக்கூடாது.
கையேட்டின் நாலாம் பக்கம். அது சரிதான்,
நாளைக்கு அந்த மருந்தே அவள் உயிரைப் பிடிக்கலாம்.
எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.
“அப்பம் எங்க ரெண்டு பேரையும் பிரிச்சிப் போடு.
நல்லாப் பிரிச்சிப் போடு” என்றாள்,
அறுபது வருஷம் தங்கையோடு
ஒரே பானையில் தின்றவள்.

பிய்ந்த ‘பெரிய’வைத் திரும்ப ஒட்டினேன்.
சின்னவளுக்குச் சிவப்பில் பென்சிலின்.
மாத்திரை மணி ஒருத்திக்கு ஏழரை,
மற்றவளுக்கு எட்டரை; ஒலியும் வேறு வேறு.
“எனக்குக் குயிலு வையி” என்று கேட்டு வாங்கினாள் சின்னவள்.
முக்கூடல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள்.
ரேகைக் கண்ணாடியில் புகையிலைத் தூள்.

புதன் காலை மறுபடியும் மஞ்சள் பட்டை.
பொருத்தம் இப்போது தொண்ணூற்றொன்று. இணைக்கவா?
இல்லை என்கிறேன்.
காரணம் கேட்கிறது. பட்டியலில் ஐந்து.
ஐந்தாவது, பிற.
அதைத் தொட்டு, எழுதத் தொடங்குவதற்குள்
அடுத்தது வந்துவிட்டது:
இசக்கிமுத்து, வள்ளியூர். மூன்று பதிவுகள்.