ஏழு நொடி சோப்பு

டென்மார்க்கிலிருந்து குளச்சலுக்கு சோப்பு வந்தது.
கூடவே மேலாளர் மத்தியாஸ்,
வெயிலில் மூக்கு உரிந்து.
மொழிபெயர்க்க நான்.
நாளுக்கு எண்ணூறு, சாயா தனி.

"ஏழே நொடியில் மீன் வாடை போகும்,
கணவர் நெருங்கி வருவார்"
ஏலக்கரையில் மைக்கில் சொன்னேன்.
சிலுவம்மக்கா கூடையை இறக்காமலே கேட்டாள்:
"வாடை இல்லாம போய் நின்னா
வேற யாரோன்னு நெனச்சுல்லா
பக்கத்துல வருவாரு, மக்கா?"

"ஆர்வமாக இருக்கிறார்கள்" என்று
அவனுக்குப் பெயர்த்தேன்.
மறுநாள் இருநூறு பெட்டி கூடுதலாக இறங்கியது.

மூன்றாம் வாரம்
துறைமுகச் சுவரில் மடிக்கணினியைத் திறந்து
புது ஸ்லைடு காட்டினான்.
இலக்கு வாடிக்கையாளர்: ஒருவர்.
பெயர்: டெல்பின்.
போட்டி நிறுவனங்கள்: தகவல் இல்லை.

தகவல் நானும் சொல்லவில்லை.
மரச்சீனி மேல் சாளைப் புளிமுளம் ஊற்றி நீட்டினேன்.
கண்ணில் நீர் வழிய
வாழையிலையைக்கூட வழித்தான்.
பிறகு தன் சோப்பையே போட்டுக் கழுவினான்.
ஏழு நொடி. எழுபது நொடி.
சிலுவம்மக்கா கையை மோந்து பார்த்துச் சிரித்தாள்.

தலைமையகத்துக்குப் போன அறிக்கை:
"சரக்கு தோல்வி.
சந்தையைப் புரிந்துகொள்ள
இன்னும் ஓராண்டு தேவை.
மொழிபெயர்ப்பாளர் கூலி ஆயிரத்து இருநூறு."

ஓராண்டு அவன் போட்டது.