கணவாயில் ஒரு பஞ்சர்

கார் வராத வழிகளை மட்டும்
பென்சிலால் வரைந்துவைக்கும் பழக்கம் எனக்கு.
அழகர்மலை அடிவாரத்தில் ஒரு வண்டித்தடம்.
சிறுமலையில் வாழைத்தார் இறங்கும் குதிரைத்தடம்:
அதில் நான் சைக்கிள்மேல் ஏறிப்போனதைவிட
சைக்கிள் என்மேல் ஏறிவந்த தூரம்தான் அதிகம்.

தேனி ரோட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.
செக்கானூரணி தாண்டிவிட்டால்
பின்னால் வரும் ஒவ்வொரு லாரியும்
நம்மைப் பெயர் சொல்லி ஏசுவதுபோல ஹார்ன் அடிக்கும்.

அப்போதுதான் துளசிராம் சொன்னான்:
"தண்டவாளத்தப் பிடுங்கிட்டாங்க.
போடி வரைக்கும் வெறும் மேடு.
பாதிப் பாலத்துல பலகையே இல்ல,
கார் எங்கிட்டு வரும்?"

சனிக்கிழமை ராத்திரி
ஜரிகைக் கடைக் கணக்கை மூடிவிட்டுத் தூங்காமலே வந்தான்.
கோரிப்பாளையத்திலிருந்து பெனாசிர்,
அண்ணனின் கியர் சைக்கிளில்,
சீட்டை அவனுக்குத் தெரியாமல் இறக்கிக்கொண்டு.
மூன்று தலையிலும் மஞ்சள் ஹெல்மெட்.

வடபழஞ்சியில் நாகமலை
இருட்டோடு இருட்டாக வலப்பக்கம் கூடவே வந்தது.
வாலாந்தூரில் விடிந்தது.
உசிலம்பட்டி ஸ்டேஷனில்,
பூட்டிய டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால்
இட்லிப் பொட்டலம் பிரித்தோம்.

அப்புறம் கணவாய்.
செங்குத்தாக ஏறத் தெரியாத பிராணி ரயில்.
அதற்காக யாரோ, எப்போதோ,
மலையிடம் பேரம் பேசிப் பேசி
மெல்ல உயர்த்திவைத்த மேடு
எங்கள் முழங்காலுக்கும் இரக்கம் காட்டியது.
இருபுறமும் வெட்டிய பாறை.
வெடிக்குத் துளைத்த குழிகளில் ஓணான்கள்.
எதிரே ஆண்டிபட்டியிலிருந்து ஆடிக் காற்று,
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும் காற்று.
ஜல்லியில் டயர் நறநறப்பதைத் தவிர
வேறு சத்தம் இல்லாத ஒன்றரை மணி நேரம்.

பிறகு சீமைக்கருவேல முள்.

டியூபைக் கழற்றினோம்.
காற்றின் இரைச்சலில் ஓட்டையின் சத்தம் கேட்கவில்லை.
முக்கிப் பார்க்கத் தண்ணீர் வேண்டும்,
பாட்டிலில் டியூப் நுழையாது.
மேலே கொள்ளுக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்
அலுமினியக் குண்டானோடு சரிவில் இறங்கி வந்தார்.
ஒச்சம்மாள் என்றார் பெயரை.
குமிழி எழுந்த இடத்தை
எங்களுக்கு முன்னால் கண்டது அவர் விரல்தான்.

ஒட்டு காய்கிற நேரத்தில்
ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அளக்க வந்த ஆளுகளா?
எப்பத்தேன் போடுவீக தண்டவாளம்?
மக மதுரைல நர்ஸுக்குப் படிக்கிறா.
பஸ்ஸுக்கே கைக்காசு கரையுது,
அதுலயும் நின்னுக்கிட்டே போறா.
ரயிலுன்னா பத்து ரூவால முடிஞ்சுரும்."

துளசிராம் என்னைப் பார்த்தான்.
பெனாசிர் பம்பைப் பார்த்தாள்.
இந்த அமைதி, இந்த ஆளில்லாத மேடு,
கோடு போட்டு ஓரத்தில் நான் எழுதி மகிழ்ந்த 'கார் வராது',
இதற்கெல்லாம் வாடகையை
ஒரு பெண் பஸ் படிக்கட்டில் நின்று
கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"சீக்கிரம் போட்டுருவாங்கம்மா" என்றேன்.
எனக்கு என்ன தெரியும்?

டியூப் முக்கிய தண்ணீரை அவர் கொட்டவில்லை.
குண்டானைச் சிந்தாமல் பிடித்தபடி
சரிவில் ஏறிப் போனார்.

நான் சொன்ன 'சீக்கிரம்'
பல வருடம் எடுத்துக்கொண்டது.
போன வாரம்தான் அந்த ரயிலில் போனேன்.
பாறையை இன்னும் அகலமாக வெட்டியிருந்தார்கள்.
ஓணான் குழிகள் இல்லை.
கொள்ளுக் காடு தெரிந்தது,
அல்லது அதுபோல வேறொரு காடு.
எதிர் சீட்டுக்காரர் காலை நீட்டித் தூங்கினார்.
எங்களைப் பாதி நாள் வைத்திருந்த கணவாய்
அவர் ஒருதரம் புரண்டு படுப்பதற்குள் முடிந்தது.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தேன்.
ரப்பரைத் தேடினேன், கிடைத்தது,
மேஜையிலேயே வைத்துவிட்டேன்.
'கார் வராது' என்பதற்குக் கீழே
'ரயில் வரும்' என்று எழுதி
துளசிராமுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது:
"அப்ப அடுத்த ஞாயிறு குதிரைத்தடம்.
தோளுக்குத் துண்டு எடுத்துக்க."