கைக்கு எட்டாத செல்

மூன்று நாளாக விடியற்காலை மூன்றேகாலுக்கு
ஹீட்டரின் ஃபேன் இருமி நின்றது.
டெமிங்குக்குத் தெற்கே, சரளையும் மெஸ்கிட் முள்ளுமான வெளி.
ஜனவரி. டிரெய்லரின் தகரச் சுவருக்குள்
எங்கள் மூச்சு எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

முதலில் சூரியனைச் சந்தேகித்தேன்.
ஏணி போட்டுக் கூரையேறி
பேனல் மூன்றையும் துடைத்தேன். மறுநாள் மறுபடியும்.
துணி கறுத்தது. குளிர் போகவில்லை.
பிறகு ஃபியூஸ். பிறகு கூரையிலிருந்து இறங்கும் ஒயர்.
பிறகு நூற்றெண்பது டாலருக்கு ஒரு புதுக் கண்ட்ரோலர்.
அதுவும் பழையதைப் போலவே
பதினொரு மணிக்கெல்லாம் பச்சை விளக்கைக் காட்டி
நிறைந்துவிட்டது என்றது.

ட்வைலா ஸ்டூலில் உட்கார்ந்து
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
"பதினொரு மணிக்கே குடம் நிறைகிறதென்றால்
ஒன்று, தண்ணீர் நிறைய வருகிறது.
இல்லை, குடம் சின்னதாகிவிட்டது."
நான் சிரித்தேன்.
அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

முன்பக்க இழுவைக் கம்பியில்
கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி.
உள்ளே ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு,
ஒன்றின் வால் மற்றதன் வாயில்.
மீட்டர் வைத்தாள்: பன்னிரண்டு புள்ளி மூன்று.
"நன்றாகத்தானே இருக்கிறது" என்றேன்.
"சும்மா இருக்கும்போது எல்லாரும் நல்லவர்தான்.
போய் ஃபேனைப் போடு."

போட்டேன். வெளியிலிருந்து எண்களைக் கத்தினாள்:
பதினொன்று புள்ளி நான்கு.
பத்து புள்ளி ஒன்பது.
தனித்தனியாகத் தொட்டு,
இது ஆறு புள்ளி ஒன்று,
இது நான்கு புள்ளி எட்டு.

மூடிகளைத் திருகிக் கழற்றி
கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தாள்.
ஐந்து செல்லில் மிதவை எழுந்து நின்றது.
ஆறாவதில் உறிஞ்ச ஒன்றுமில்லை.
டார்ச் அடித்தாள்.
தகடுகள், வற்றிய குளத்தின் விளிம்புபோல்
வெளுத்துக் கிடந்தன.

அந்தச் செல்லை எனக்குத் தெரியும்.
சிலிண்டரை ஒட்டினாற்போல், முழங்கை மடங்காத மூலை.
மாதாமாதம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.
முதல் வருஷம் சிலிண்டரைக் கழற்றிவைத்து ஊற்றினேன்.
அப்புறம் எட்டிப் பார்த்தேன்.
அப்புறம், இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
இத்தனை நாள் கூரைமேல் நின்று
ஆகாயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்ல வாயெடுத்தேன்.
"நெகட்டிவ்வை முதலில்" என்று
ஸ்பானரை நீட்டினாள்.

கடையில் அன்செல்மோவிடம்
ஒன்று போதும், மற்றது நல்லது என்றேன்.
"ஜோடியாகத்தான் மாற்றணும்.
இல்லையென்றால் பழையது, கோடைக்குள்
புதியதைத் தன் வயசுக்கு இழுத்துவிடும்" என்றான்.
எந்தப் பாவமும் செய்யாத இருபத்தெட்டு கிலோவை
பழைய சரக்குப் பலகையில் நானே தூக்கி வைத்தேன்.
இரண்டுக்கும் சேர்த்து டெபாசிட்டைத் திருப்பித் தந்தான்.
வாங்கிக்கொண்டேன்.
ஜீன்ஸில் தொடையோரம் மூன்று ஓட்டை.
அமிலம் எப்போது பட்டதென்று தெரியவில்லை.

முனைகளைச் சோடா உப்பால் தேய்த்து,
அவள் ஒட்டிவைத்த டேப் நிறம் பார்த்து,
கறுப்பைக் கடைசியாக முடுக்கினேன்.
சின்னதாக ஒரு பொறி. அவ்வளவுதான்.

இரவு மூன்றேகாலுக்குத் தானாக விழிப்பு வந்தது.
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
ட்வைலா போர்வையை உதறித் தள்ளிவிட்டுத் தூங்கினாள்.
தூரத்தில் ஒரு சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக,
முடியவே மாட்டேன் என்பதுபோல்.

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.
சிங்குக்கு மேலே ஆணியில்
புதிதாக ஒரு புனல் தொங்கியது;
முழ நீளக் கழுத்து, நுனியில் வளைவு.
பக்கத்துக் காலண்டரில்
வரும் முதல் தேதியைச் சுற்றி வட்டம்.
உள்ளே அவள் கையெழுத்து:

தண்ணீர். ஆறுக்கும்.