சொட்டுக் கணக்கு

காலை எட்டரைக்கு நான் படுப்பேன்.
எட்டு முப்பத்தைந்துக்கு அது ஆரம்பிக்கும்.

கீச் என்று ஒன்று,
ஒரு மூச்சு விட்டு இன்னொன்று.
பூனை போய் அரை மணி ஆன பிறகும்
பூனை பூனை என்று
மதில்மேல் நின்று வாலை உதறி
ராயக்கோட்டை சாலை முழுக்கத் தகவல் சொல்லும்.

பிரசவ வார்டில் பன்னிரண்டு மணி நேரம்
அலறல் கேட்டுவிட்டு வந்த காது இது.
தலையணையை எடுத்து அமுக்கினேன்.
பஞ்சு குறைந்திருந்தது.
மூலையில் ஓர் ஓட்டை.

மாதுளைக்கு நான் தைத்துக் கட்டிய துணிப்பைகளைக்
கிழித்துக்கொண்டு போயிற்று.
கொய்யாவில் ஒரு பக்கம் கடித்து
மறு பக்கம் எனக்கென்று விட்டது.
ஹெல்மெட்டுக்குள் தென்னை நார்.
வாஷிங் மெஷின் குழாயில் பல் தடம்.
இதெல்லாம் பொறுத்தேன்.
சொட்டுநீர்க் குழாயில் வாய் வைத்ததைத்தான்
பொறுக்க முடியவில்லை.

சித்திரை மாதம்.
போர் அறுநூறு அடிக்குக் கீழே இருமுகிறது.
செடிக்கு இத்தனை சொட்டு என்று எண்ணி விடுகிறேன்,
நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று
இரவெல்லாம் பாட்டில் பார்த்து எண்ணுகிற பழக்கம்.
கறுப்புக் குழாயில் வரிசையாகப் பதினேழு துளை.
பதினேழிலும் தண்ணீர்,
பாறைக்கும் புழுதிக்கும்.

பாச்சா உருண்டை வைத்தேன், உருட்டி விளையாடியது.
மிளகாய்த் தூளைக் காற்று
என் கண்ணுக்கே திருப்பிக் கொடுத்தது.
மாடி வீட்டுத் திம்மராயன்
பழைய சி.டி.க்களைக் கட்டச் சொன்னார்.
கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது கொய்யா மரம்.
விருந்தாளிகள் அதிகமானார்கள்.

கூண்டைப் பார்த்ததும் அவரே சொன்னார்,
"மூணு கோடு இருக்குதும்மா, பாவம் புடிக்கும்."
பாவத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவில்
ஒரு வேர்க்கடலை வைத்தேன்.

பதினொன்றுக்கு டப் என்றது.

ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் கூண்டு,
மேலே ஈரத் துண்டு.
அணைக்குப் போகிற வழியெல்லாம்
துண்டுக்குள் ஒரு நாடி ஓடியது.
பூங்கா வேலியோரம் கதவைத் தூக்கினேன்.
அது திரும்பிப் பார்க்கவில்லை.
நானும்.

வீட்டில் அப்படியோர் அமைதி.
அந்த அமைதியில்தான் கேட்டது,
ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பின்னாலிருந்து
ஊசி முனையளவு ஒரு சத்தம்.
பிறகு இரண்டு.
ஸ்டூல் போட்டு ஏறி டார்ச் அடித்தேன்.
என் தலையணைப் பஞ்சு, மாதுளைத் துணி,
என் டியூட்டிப் பையிலிருந்து போன காஸ் ஒரு சுருள்.
நடுவில் ரோஜா நிறத்தில்
கண் திறக்காமல் மூன்று.

கையில் அட்டை கட்டாமல் பிள்ளையைத் தூக்காதே என்று
எத்தனை பேரை அதட்டியிருப்பேன்.

மறுபடி அணை. இரண்டரை மணி வெயில்.
காலிக் கூண்டோடு வேலியோரம் நடக்கிறேன்.
மரத்துக்கு நான்கு அணில்.
எல்லாவற்றுக்கும் மூன்று கோடு.
மீன் வறுக்கிற சென்னம்மா கேட்டாள்,
"இன்னா தேடுறே?"
"ஒரு அணில்."
கரண்டியால் மரங்களைக் காட்டினாள்.
"எடுத்துக்கோ."

வந்து ஸ்டூலில் ஏறினால்
ஓட்டையில் ஒரு வால்.
அதற்கு அந்தப் பக்கம் முட்டி மோதிப் பால் குடிக்கிறார்கள்.
வால் அசையவில்லை. ஒரு கண் மட்டும் திரும்பியது,
பார்வை நேரம் முடிந்தும் நிற்கிறவர்களை
நான் பார்ப்பேனே, அதே பார்வை.

அப்படியென்றால்
அங்கே கொண்டுபோய் விட்டது யாரை?

சாயங்காலம் குழாயை வெட்டி ஒட்டினேன்,
பதினேழில் பதினாறு.
கடைசித் துளைக்கு அடியில்
துருப்பிடித்த கிட்னி ட்ரே ஒன்றை வைத்தேன்.
நிமிடத்துக்கு இருபது சொட்டு.
தூங்காமலே டியூட்டிக்குப் போனேன்.

காலையில் ட்ரே காலி.
பக்கத்தில் புதிதாக இரண்டு துளை.

எட்டு முப்பத்தைந்து.
பூனை பூனை என்றது மதில்.
எழுந்து போய்ப் பார்த்தேன்.

பூனைதான்.