அழகுச் சிகிச்சை

ரூவியில் மூன்றாவது மாடி.
ஏழு வருஷமாக நான் நிற்கிறேன்,
மற்றவர்கள் உட்கார்ந்து அழகாகிறார்கள்.

"நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றேன் கிளினிக்கில்.
"நரம்பு இல்ல, சிரை" என்றார் டாக்டர் லிஸி
பாதி மலையாளத்தில்.
குளிர்ந்த பசை தடவிக் கருவியை நகர்த்த
கெண்டைக்காலுக்குள்ளிருந்து ஒரு சத்தம்,
பழைய ஏசி மூச்சுவிடுவது போல.
மேலே போகிற ரத்தம் திரும்பாதிருக்க
உள்ளே சின்னச் சின்னக் கதவுகளாம்.
எனக்குச் சிலது சாத்துவதில்லை.
ஏறியது இறங்கி, தேங்கிப் புடைத்து
முட்டிவரை பச்சைக் கயிறு.
கணுக்காலருகே இருப்பது வேறு, ஊதா நூல்சிக்கல்;
அது பெரும்பாலும் வலிக்காது,
பார்க்கத்தான் அப்படி.

லேசருக்கு அறுநூற்றைம்பது ரியால்.
இன்சூரன்ஸ் பதில் வந்தது:
அழகுச் சிகிச்சைக்குப் பணம் தருவதற்கில்லை.
சிரித்துவிட்டேன்.
என் நூலுக்குப் புருவம் கொடுத்திருந்த பெண்
திடுக்கிட்டுக் கண் திறந்தாள்.

இப்போதைக்கு இறுக்கக் காலுறை.
பதினொரு ரியால், தோல் நிறம்,
யாருடைய தோலோ.
கட்டிலைவிட்டு இறங்குமுன்
படுத்தபடியே இழுத்து மாட்ட வேண்டும்.
நாற்பத்தாறு டிகிரியில் அது தண்டனைதான்.
ஆனால் சாயங்காலம்
கால் கல்லாவதில்லை.

ஒரு ஸ்டூல் கேட்டேன்.
"கஸ்டமர் என்ன நினைப்பாங்க?" என்றார் மேடம்,
சுழல் நாற்காலியில் என் பக்கம் திரும்பி.

ராத்திரி சுவரில் கால்களை உயர்த்திக் கிடக்கிறேன்.
"யோகாவா?" என்கிறாள்
மேல்கட்டிலிலிருந்து மரிசெல்.
இல்லை.
கதவு சாத்தாத வீட்டைக்
கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
இருபது நிமிஷம்.