ஐம்பத்தெட்டுப் பல்

ஏற்காட்டுப் பாதையில் பதினொன்றாவது வளைவில்
சாண்ட்ரோ நின்றபோது
என் தங்கை எதிரில் அவர் சொன்ன வார்த்தை
இங்கே வேண்டாம்.
நாற்பது நிமிடம்.
பானெட்டில் உட்கார்ந்த குரங்கு
பின்பக்கம் சுட்டு எழுந்து ஓடியது.
சூடு ஆறியதும் வண்டி
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.
நாங்கள் கிளம்பவில்லை.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை.
இதற்குள் ஐந்து ரோட்டில் ஒருவர்
ஃபியூயல் பம்ப் மாற்றினார்.
இன்னொருவர் காயில்.
இருபது வருஷ வண்டி, முனிரத்தினம் சார்,
காயலான் கடையில போட்டுடுங்க என்று
இனாமாக ஒரு யோசனையும்.
நான் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன்.
அன்றைக்குச் சாவியைத் திருப்பத் திருப்ப
ஸ்டார்ட்டர் சுற்றியது,
ஆர்பிஎம் முள் மட்டும்
படுத்தது படுத்தபடி.

எஞ்சினுக்குத் தான் சுற்றுவதே தெரியவில்லை.

ஞாயிறு. கொண்டப்பநாயக்கன்பட்டி. வாசலில் வண்டி.
பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரே போல்ட்.
கட்டைவிரல் அளவு கிராங்க் சென்சார்
இருபது வருஷ எண்ணெய்ப் பிசுக்கில் வர மறுத்தது.
ஆட்டி, திருகி, திட்டி,
கடைசியில் வந்தது
காந்த முனையில் இரும்புத்தூள் மீசையோடு.
கஞ்சமலை அடிவாரத்தில் பிறந்தவளுக்கு
இரும்புத்தூள் புதிதா?
முந்தானையில் துடைத்தேன்.

மல்டிமீட்டர் பாலிடெக்னிக் ஆய்வகத்துடையது,
திங்கள் காலை அலமாரியில் இருக்கவேண்டும்.
ஐந்நூற்று இருபது ஓம்.
குளிரில் எல்லாரும் நல்லவர்கள்தான்.
பிளாஸ்டிக் கவரில் சுற்றி
வெந்நீர்ச் சொம்பில் இறக்கினேன்.
ஐந்நூற்று அறுபது. அறுநூறு.
அறுநூற்று நாற்பது.
பிறகு
திரையின் இடது ஓரத்தில்
தனியாக ஒரு ஒன்று.

அந்த ஒன்று எண் இல்லை.
உள்ளே எங்கோ மயிர் கனத்துக் கம்பி
சுட்டால் விட்டுக்கொள்கிறது,
ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

புதியது ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
அறுநூறுக்கும் இருக்குங்க என்றார் கடைக்காரர்.
இருக்கட்டும்.
ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்.
முனைக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில்
ஒரு மில்லிமீட்டர். உரசவும் கூடாது,
தள்ளிப்போகவும் கூடாது.
உரக்கத்தான் சொன்னேன்,
இதை வைத்து இவர் ஏதாவது பேசுவாரோ என்று.
பேசவில்லை.
டார்ச்சை மட்டும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

சக்கரத்தில் அறுபது பல்லுக்கு இடம்.
இருப்பது ஐம்பத்தெட்டு.
இரண்டு இல்லாத அந்தச் சந்தில்தான்
ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின்
தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது.

சோதிக்க இரண்டு ஆள் வேண்டும்,
சாவிக்கு ஒருவர், மீட்டருக்கு ஒருவர்.
கனெக்டரை மாட்டாமல்
இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு
"அடிங்க" என்றேன்.
மூன்று நாளில் முதல் சொல்.
"எவ்வளவு?"
"பாயின்ட் ஒன்பது. ஏசி வோல்ட்."
"அது நல்லதா?"
"நல்லதுதான். நிறுத்துங்க."
"நிறுத்திட்டேன்."
கனெக்டர் டக்கென்று பூட்டியது.
மறுபடி அடித்தார்.
முள் சிலிர்த்து இருநூற்றைம்பதுக்கு எழுந்தது,
எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஆனால் வாசலில் ஓடுவது ஓட்டமில்லை.
சாயங்காலம்
இரண்டாம் கியரில் உறுமி உறுமி ஏறி
பதினொன்றாவது வளைவில் ஓரம்கட்டி
வேண்டுமென்றே அணைத்தார்.
பானெட் மேலே காற்று நெளிந்தது.
அதே குரங்கு, அல்லது அதன் பங்காளி,
மதில்மேல் இருந்தபடி பார்த்தது. கிட்டே வரவில்லை.
கீழே சேலம் விளக்குப் போடத் தொடங்கியிருந்தது.
இடம் மாறி உட்கார்ந்தோம்.
சாவியை என் கையில் கொடுத்து
"அன்னிக்கு உன் தங்கச்சி எதிர்ல நான்..." என்று ஆரம்பித்தார்.

"முள்ளைப் பாருங்க மொதல்ல" என்றேன்.