மேற்குச் சுவருக்கு அளவெடுத்தல்

புளியரைக் கணவாயில்
மழை மேலிருந்து விழுவதில்லை.
ஆரியங்காவில் டிக்கெட் எடுத்தவன் மாதிரி
கிடையாக வந்து
நேரே என் மேற்குச் சுவரில் இறங்கும்.

கருங்கல் சுவர்தான், ஒன்றரை அடிக் கனம்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்தான்
ஊர்ப்பட்ட வழி.
வைகாசி முடியப் பள்ளிக்கூட ஆர்டர் வரும்,
ஆனி பிறக்கச் சாரல் வரும்,
இரண்டுக்கும் இந்த ஒரே அறை.
போன வருஷம் நாற்பத்திரண்டு வெள்ளைச் சட்டையில்
முதுகுப் பக்கம் பூசணம் பூத்தது.
ஹெட்மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சட்டையை மட்டும்
மேசையில் விரித்து வைத்தார்.

பத்து வருஷ கியாரண்டி பெயிண்ட் அடித்தேன்.
பத்தாம் நாள் அப்பளமாய் உப்பி
மிஷின் மேல் உதிர்ந்தது.
சிமெண்டு பூசினேன்.
உள்ளே போன தண்ணீர்
திரும்பிப் போக வழியில்லாமல்
என் பக்கமே வந்தது.

வண்டிமலைக் கொத்தனார்
விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்து
"இன்னொரு கோட்டு பூசிருவமா?" என்றார்.
"பூசுற கோட்டு வேண்டாம் கொத்தனாரே,
உடுத்துற கோட்டு வேணும்.
லைனிங் வச்சு."

செங்கோட்டையில் இடித்த வீட்டுத் தட்டோடு
அறுநூற்று நாற்பது, ஒன்று நாலு ரூபாய்.
பாசியைச் சுரண்டி
இடுக்கெல்லாம் கலவை திணித்து
ஒரு வாரம் காயவிட்டு
நெட்டுக்குத்தாய்ப் பனஞ்சட்டம், அதன்மேல் குறுக்கே ரீப்பர்.
சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே
ஒன்றரை இஞ்ச் காற்று.
"வெறுங் காத்துக்கா இவ்வளவு மரச் செலவு?"
என்று கேட்டுக்கொண்டே அறுத்தார்.

முதல் நாள் மேலிருந்து தொடங்கிவிட்டார்.
காலர் ஒட்டிவிட்டு வந்து பார்க்கிறேன்,
மதியத்துக்குள் ஐந்து வரிசை,
கீழ் ஓடு மேல் ஓட்டின் மேலேறி
சுவர் முழுக்கச் சட்டைப் பை,
எல்லாப் பையும் வானம் பார்த்து.
"பிரிச்சிரும்" என்றேன்.
தைத்ததைப் பிரிப்பது எனக்குப் பழக்கம்,
அவருக்கு இல்லை.
டீ குடிக்கப் போனவர் நாலு மணிக்குத்தான் வந்தார்.
பேசாமல் அடியிலிருந்து ஆரம்பித்தார்.

கீழ்வரிசைத் தலையை மேல்வரிசை மூட,
இரண்டு ஓடு சேருமிடத்தில்
மூன்றாவதன் நடுமுதுகு.
ஆணி இறுகக் கூடாது, ஓடு ஆடவும் கூடாது:
பித்தானுக்கு நூல் விடுகிற கணக்கு.
ஜன்னலுக்கு மேலே தகரப் பட்டை,
அடியில் இரண்டு விரல் திறப்பு,
தேள் ஏறாமல் கம்பி வலை.

பத்தொன்பது ஓடு குறைந்துபோனது.
எண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்தி வெட்டினோம்.
வடக்கு மூலையில் இப்போதும்
பாதி மயில் தெரியும்.
வழியில் போன காட்டிலாகா வாட்ச்சர்
"என்னக்கா, அழுங்கு கணக்கால்லா நிக்கி,
தட்டுனா சுருண்டுரப் போவுது" என்றான்.

ஆனி நாலாம் தேதி ராத்திரி வந்தது.
ஆயிரம் மிஷினை ஒரேயடியாய் மிதித்த சத்தம்.
டார்ச்சும் குடையுமாய்ப் போய்க் குனிந்து பார்த்தேன்
(குடை உடனே கணவாய்க் காற்றோடு போய்விட்டது).
கம்பி வலை வழியே
சொட்டு, இடைவெளி, சொட்டு.
உள்ளே புகுந்தது அவ்வளவுதான்,
அதுவும் வெளியே வந்துகொண்டிருந்தது.

காலையில் வெள்ளைச் சட்டை ஒன்றை
மேற்குச் சுவரில், முதுகு ஒட்டத் தொங்கவிட்டேன்.
ஏழு நாள்.
எடுத்து முகர்ந்தால்
கஞ்சி வாடை மட்டும்.

ஐப்பசி மழைக்கு வேறு ஊர்.
கடல் பக்கமிருந்து வரும், மெதுவாக,
கிழக்குச் சுவரில்
உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈரம் வைத்தது.
போன் போட்டேன்.
"அளவெடுக்க நாளைக்கு வாரேன்" என்றார் கொத்தனார்.
"எடுத்தாச்சு.
நீரு ஆணி மட்டும் கொண்டு வாரும்."